தொண்ணூற்றொன்பது

ஒரு படிவத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
பெற்றோல் என் கணக்கு.
வலக்கைப் பக்கமாக ஒவ்வோர் ஐந்தாவது கேற்றும்.
நாய் நின்றால் ஆறாவது என்று
பயிற்சியில் சொல்லித் தரவில்லை,
அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி பதினொன்று:
சுற்றியுள்ள நாடுகள் ஓர் ஒன்றியமாகி
கடவுச்சீட்டு ஒன்றாகி, காசு ஒன்றாகி,
தலைமன்னாரிலிருந்து பாலமும் வந்தால்
ஆதரிப்பீர்களா?
மிகவும், ஓரளவு, இல்லை, அறவே இல்லை.
தெரியாது என்றால் தொண்ணூற்றொன்பது.

கேள்வி பன்னிரண்டு:
முதலில் நீங்கள் யார்?
ஒன்றை மட்டும் தெரிவுசெய்யவும்.

கந்தர்மடத்தில் ஓய்வுபெற்ற நில அளவையாளர்
கதிரைக்கு முதல் கேள்வி தந்தார்.
"பிள்ளை எந்த ஊர்?"
அளவெட்டி.
"அளவெட்டியில எவடம்?"
சொன்னேன்.
"கோயிலுக்கு மேற்காலையோ, கிழக்காலையோ?"
என் பன்னிரண்டாம் கேள்வியை
மூன்று வரியில் கேட்டு முடித்து
விடையையும் முகத்தில் எழுதிக்கொண்டார்.
கதிரை வரவேயில்லை.
பிறகுதான் ஒன்றியத்துக்கு வந்தார்:
"மிகவும் ஆதரிக்கிறன். எல்லை எண்டுறதெல்லாம்
பழைய காலத்துச் சாமான்."
தண்ணீர் கேட்டேன்.
கடைப் போத்தல் ஒன்று வந்தது, மூடி திறவாமல்.
"வைச்சிருங்கோ, திருப்பித் தர வேண்டாம்."

சோனகத் தெருவில் ஜெஸீமா
கைத்தொலைபேசியை வாங்கித் தானே வாசித்தார்.
"புத்தளத்தில முப்பது வருசம்
யாழ்ப்பாணத்தார் எண்டிச்சினம்.
இஞ்சை வந்தால் புத்தளத்தார் எண்டினம்.
உதில அதுக்கொரு கட்டம் இருக்கோ?"
'மற்றவை' இருந்தது. காட்டினேன்.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"எங்களைப் போகச் சொல்லேக்கை
விருப்பமோ எண்டு கேக்க
ஒருத்தரும் படிவத்தோட வரேல்லை.
ஒலிபெருக்கியிலதான் சொன்னது."
'அறவே இல்லை'யைத் தொட்டேன். அழித்தேன்.
அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லையே.
தேத்தண்ணி போட்டார்.
குடித்து முடிக்கும்வரையும் சொல்லவில்லை.

திருநெல்வேலிச் சந்தி, போன் திருத்தும் கடை.
வயது இருபத்திரண்டு, பெயர் துவாரகன்.
"அக்கா, அந்த ஒன்றியத்துக்குள்ளை
கனடா வருமோ?"
வராது.
"அப்ப என்னை விடுங்கோ."

குருநகரில் யூஜின்
வலையிலிருந்து தலை நிமிரவில்லை.
"அங்கால இருந்து வாற இழுவைப் படகு
என்ரை வலையை அறுத்துக்கொண்டு போகேக்கை
நான் ஏசினதும் தமிழ், அவன் ஏசினதும் தமிழ்.
ஒரு சொல்லும் விளங்காமல் போகேல்லை."
எதிர்ப்பு என்று போடவா?
"ஆர் சொன்னது?
போன வருசம் என்ஜின் நிண்டு மூண்டு நாள் மிதந்தன்,
சோறு தந்தவனும் அவன்தான்."
அப்படியென்றால் ஆதரவு?
அப்போதுதான் நிமிர்ந்தார்.
"சோளகத்துக்கு ஒண்டு சொல்லுவன்,
வாடைக்கு ஒண்டு சொல்லுவன்.
இண்டைக்குக் காத்தில்லை. நாளைக்கு வா."

நாளைக்கு வரப் பெற்றோல் இல்லை.
தொண்ணூற்றொன்பது.

இரண்டு மாதத்தின் பின்
ஹோட்டல் மண்டபம், குளிரூட்டி, வடை.
திரையில் ஒரு பச்சைத் தூண் எழும்பியது:
யாழ்ப்பாணம், அறுபத்தொரு வீதம் ஆதரவு.
கைதட்டினார்கள்.
தூணின் உச்சியில்
நில அளவையாளர் உட்கார்ந்திருப்பது
எனக்கு மட்டும் தெரிந்தது.
மற்றவர்களைத் தேடினேன்.
அடியில், எறும்பெழுத்தில்:
'தெரியாது என்றோர் கணக்கில் சேர்க்கப்படவில்லை.'

தேநீர் இடைவேளையில்
கொழும்பிலிருந்து வந்த பொறுப்பதிகாரி
நல்ல மனிதர், சிரித்தபடி கேட்டார்,
நீங்கள் என்ன தெரிவுசெய்திருப்பீர்கள்?
வாய் நிறைய வடை இருந்தது.
இருந்தது நல்லது.

வெளியே வந்தேன்.
வாசலில் நாடுகளின் கொடிகள் வரிசையாகத்
தொங்கிக் கிடந்தவை
ஒரு பக்கமாக எழும்பத் தொடங்கியிருந்தன.
எந்தக் காற்று என்று தெரியவில்லை.
அளவெட்டியில் கடல் இல்லை.