31-பி தொகுதி: செல்லாதவை

இந்த அலமாரியில் இருப்பது
ஆறு ஏரி, ஒரு காகித ஆலை, பதினோரு தேவாலயம்
எல்லாம் சேர்ந்து மாநில அவைக்கு அனுப்பிய
ஒற்றை ஆளின் வரலாறு.

பத்தாண்டுக்கு ஒருமுறை
தலைநகரில் யாரோ பென்சில் சீவுகிறார்கள்.
முதலில் நாங்கள் பதினேழு, அப்புறம் 12-ஏ,
இப்போது 31-பி.
ஏரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே.

வென்றவர்கள்: ஒரு பால்பண்ணைக்காரர்.
சவப்பெட்டி விற்றவர், மூன்று முறை,
கடைசி முறை போட்டியே இல்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டிய இங்கா ஸ்டோர்லி.
அவளைத் தோற்கடித்த அவள் மச்சினன்.
ஆலைச் சங்கு ஊதியவரை ஒரு கட்சி,
சங்கு நின்றபின் மறு கட்சி.
ஏன் என்று கேட்கப் பேராசிரியர்கள் வந்தார்கள்,
காபி குடித்தார்கள், போனார்கள்.

நான் சொல்ல வந்தது எழுபத்தெட்டு.
வாக்குப்பதிவன்று பனிப்புயல்.
டோர்வால் எக்கே 4,116.
எதிராளி 4,117.
மூன்று முறை எண்ணினார்கள்;
மூன்றாம் முறை நானும், வேலைக்குப் புதியவள்,
விரல் மரத்துப்போக.
டோர்வால் கைகுலுக்கினார்.
மறுநாள் விடியுமுன் வண்டியெடுத்து
ஊர் வாசல்களிலெல்லாம் பனி தள்ளினார்,
வென்றவர் வாசல் உட்பட.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.
மஸ்க்ராட் ஏரிச் சாவடியில் ஒரு சீட்டில் மட்டும்
பென்சிலால் அவர் பெயர்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து,
நடுவே தூண்டில் முள்போல ஒரு கொக்கி.
எண்பத்திரண்டிலும். எண்பத்தாறிலும்.
தொண்ணூற்றொன்றில் டோர்வால் இறந்தார்.
தொண்ணூற்றிரண்டிலும் அவருக்கு ஓர் ஓட்டு.

யாரென்று நான் தேடவில்லை. தேடுவது குற்றம்.
ஆனால் வருஷந்தோறும் நாய் உரிமத்துக்கு வரும் மனுக்களில்
ஒன்றில் அதே கொக்கி இருந்தால்
நான் என்ன செய்ய?
புயலுக்கு அஞ்சி அன்று வீட்டில் கிடந்தவர்கள்
அந்தச் சாவடியில் நாற்பது பேர்.
ஒருவருக்குத்தான் தூக்கம் போயிருக்கிறது.

பிறகு மறுபடி பென்சில்.
புதுக் கோடு மஸ்க்ராட் ஏரியை
அக்கரைக்குத் தள்ளிவிட்டது.
அந்த நவம்பரில் என் பெட்டியை
இரண்டு தரம் கவிழ்த்துப் பார்த்தேன்.
இல்லை.

வியாழக்கிழமை தொலைபேசி.
அடுத்த தொகுதிக்கு எண்ணும் பையன்,
குரலில் இன்னும் மீசை முளைக்கவில்லை:
“யாரிந்த டோர்வால் எக்கே?
இங்கே அப்படி யாரும் நிற்கவில்லையே.”

செல்லாதது என்றே எழுது, தம்பி.
பெயரில் மட்டும் கவனம்.
நடுவில் இரட்டை எழுத்து.
ஒன்றை விட்டுவிடாதே.