பார்த்தபடியே

பாண்ட் என்கிறார்கள் இந்த ஊரில்.
கடன் என்று யாரும் சொல்வதில்லை.
என் காதில் அது ஒவ்வொரு முறையும்
பந்தம் என்றே விழுகிறது.
தமிழில் என்ன என்று தேடினேன்: அடமானம்.
உள்ளே மானம் உட்கார்ந்திருந்தது,
மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பிடித்தபடி
வங்கியில் முறைக்குக் காத்திருப்பவளைப் போல.

வீடு மியர்பேங்கில்.
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால்
காயப்போட்ட துணியை உள்ளே எடுக்க வேண்டும்.
மூன்று அறை, ஒரு பப்பாளி மரம்,
பத்து லட்சம் ராண்ட்.
அதில் கையிலிருந்து ஒரு லட்சம். டெபாசிட் என்று பெயர்.
பதினோரு வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
பிறர் படுத்த விரிப்புகளை மடித்தவள்
அதற்கு வைத்திருந்த பெயர் வேறு.

மீதி ஒன்பது லட்சம், இருநூற்று நாற்பது மாதம்.
மாதத் தவணை ஒன்பதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
வங்கியில் எதிரே உட்கார்ந்திருந்த நொமூசா
பென்சிலால் அதை இரண்டாகப் பிளந்து காட்டினாள்:
எட்டாயிரத்து இருநூற்றைம்பது வட்டிக்கு,
ஆயிரத்து நாற்பது அசலுக்கு.
அப்படியானால் முதல் மாதம் முடிந்ததும்
வீட்டில் எவ்வளவு என்னுடையது?
சிரிக்காமல் கணக்குப் போட்டாள்.
சமையலறைத் தரையில் இரண்டு டைல்ஸ், சிசி.
அதன்மேல் நின்று காபி போடலாம்.
பத்திரம் யாரிடம் இருக்கும்?
எங்களிடம். இருபது வருடம்.
வட்டி இதேதானே?
ப்ரைம் ஏறினால் ஏறும்.
பிரிட்டோரியாவில் யாரோ இருமினால்
எனக்கு இங்கே காய்ச்சல்.

பிறகு ஒருவர் வந்தார், சின்னச் சுத்தியலோடு.
கூரைமரத்தை, கதவு நிலையை,
வைத்தியர் முதுகைத் தட்டுவதுபோல் தட்டித் தட்டிக் கேட்டார்.
கடலோர ஊர். மரம் தின்னும் வண்டு உண்டு.
இல்லை என்று எழுதித் தந்தால்தான் விற்கலாம்.
மின்கம்பிக்கு ஒரு சான்றிதழ்,
நகராட்சிக்குப் பாக்கியில்லை என்று இன்னொன்று.
என் கல்யாணத்தில்
யாரும் எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

அங்கேதான் வந்து முட்டியது காரியம்.
பத்திரம் மாற்றும் வக்கீல் தாள்களைப் புரட்டி
கண்ணாடியைக் கழற்றினார்:
உங்களுடையது கூட்டுச்சொத்துத் திருமணம், மிசஸ் படையாச்சி.
நீங்கள் வாங்குவதில் பாதி அவருடையது.
அவர் கையெழுத்தில்லாமல் நடக்காது.
ஜோஹன்னஸ்பர்க் போய் ஆறு வருடமாகிறது, ஐயா.
ஆகட்டும். விவாகரத்து ஆகவில்லையே.

பூபாலன் இரவுப் பேருந்தில் வந்தான்.
இளைத்திருந்தான்.
சட்டை இஸ்திரி போட்டிருந்தது, யார் போட்டதோ.
கையெழுத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்கணும் என்றான்.
பின்னறையில் நின்று அண்ணாந்தான்.
சீலிங்கில் ஓர் இடம் மட்டும் புது வெள்ளை.
நாற்காலியில் ஏறி விரலால் அழுத்தினான்.
ஈரம்.

ஒப்பந்தத்தில் ஒரு சொல் உண்டு: ஃபுட்ஸ்டூட்ஸ்.
ஆப்பிரிக்கான்ஸ்.
பார்த்தபடியே வாங்குகிறேன்,
பிறகு வாய் திறக்கமாட்டேன் என்று அர்த்தம்.
காலால் ஒரு தள்ளு தள்ளி
இனி உன் பாடு என்கிற சொல்.
ஆனால் தெரிந்தே மறைத்தவனுக்கு
அது குடை பிடிக்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.
அதைச் சொன்னேன்.
விற்கிறவர், ராம்பர்சாத், தரையைப் பார்த்தார்.
கராஜில் பெயிண்ட் டப்பா மூடாமல் கிடந்தது.
கூரையைத் தன் செலவில் மாற்றித் தருவதாக
அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

பூபாலன் நான் காட்டிய பக்கமெல்லாம் கையெழுத்துப் போட்டான்.
பாதி உனக்கு, தெரியுமில்லையா?
கடனிலும் பாதி, என்றான்.
பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.
சாவி வாங்குமுன் மரம் என்னுடையதல்ல,
இருந்தும் ஒரு பப்பாளியைப் பறித்துக் கொடுத்தேன்.
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்
மாலையோடு நின்ற அன்றைக்கு
எந்த ஈரத்தின்மேல் வெள்ளை அடித்திருந்தோம்,
அவன் மட்டுமா, நானும்தான்.

திங்கட்கிழமை வக்கீலுக்கு போன் செய்ய வேண்டும்.
வீட்டு விஷயம் ஒன்று.
இன்னொன்றுக்குக் கட்டணம் எவ்வளவு என்று
கேட்க வேண்டும்.