எண்ணாமல் விட்ட ஒன்று

டார்ட்டு நகரில் மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே அழுக்கேறிய பனி.
உள்ளே, நானூறு மடங்கு பெருத்து,
ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வசந்தம்.

லின்னுராபா சதுப்பில் குழாய் இறக்கி எடுத்த மண்.
ஆழம் இரண்டு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
அமிலத்தில் வெந்தது, சுழன்று படிந்தது,
சிவப்புச் சாயம் குடித்தது,
இப்போது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
ஒரு சொட்டுக் கிளிசரினில்
காடாக மிதக்கிறது.

என் வேலை எண்ணுவது.
சில்லுக்கு ஐந்நூறு மகரந்தம்.
வலக்கை திருகில், இடக்கை எண்ணும் பொத்தானில்.
பிர்ச். பிர்ச். பைன்,
அதற்கு எப்போதும் கன்னம் இரண்டும் உப்பிய முகம்.
ஆல்டர். மறுபடி பிர்ச்.
லிண்டன் ஒன்று, ஓரம் நசுங்கி.
மதியத்துக்குள் கண் பூத்துப்போகும்;
மகரந்தக்காரிக்கு அதுவும் பொருத்தம்தான்.

முன்னூற்றுப் பதினேழாவதாக
அது வந்து நின்றது.
மற்றவற்றை விடப் பெரிது. நீள்வட்டம்.
ஒரே ஒரு துளை,
துளையைச் சுற்றித் தடித்த வளையம்.
எண்ணெய் ஒரு சொட்டு வைத்து
ஆயிரம் மடங்குக்கு மாற்றினேன்.
ரை.

ரையா?
இந்த மண்ணில் முதல் தானியம் விழுந்ததாக
நாங்கள் எல்லோரும் நம்பும் நாளுக்கு
எத்தனையோ நூற்றாண்டு முன்னாலா?
அந்த நிமிடத்தில் நான் அவளைப் பார்த்துவிட்டேன்:
காட்டை எரித்த சாம்பலில்
குனிந்து விதைக்கிற ஒருத்தி.
அவளுக்கு முதுகுவலி கூடக் கொடுத்துவிட்டேன்.
கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.
உப்சாலாவில் யாருக்கு முதலில் எழுதுவது,
யார் முகம் சுளிப்பார்கள் என்பது வரை.

பிறகுதான்
நுண்திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
மேலோடு மங்கியது. நடுவயிறு தெளிந்தது.

சதுப்பில் கிடந்த மகரந்தம் எல்லாம் காலி வீடு.
குடியிருந்தவர் எப்போதோ போய்விட்டார்,
மிச்சம் மீதியை அமிலம் பெருக்கித் தள்ளிவிடும்.
சுவர்களைத்தான் எண்ணுகிறோம்.

இதற்குள் ஆள் இருந்தது.
கொழகொழவென்று, சாயத்தில் ஊறிச் சிவந்து,
சுவரோடு சுவராக நிறைந்து.

போன ஜூன்.
புகைபோக்கி கெட்டுப்போன வாரம்.
நெடி தாங்காமல் உர்மாஸ் ஜன்னலைத் திறந்து வைத்தான்,
நான்தான் திறக்கச் சொன்னேன்.
மேஜையில் மூடியில்லாத குப்பிகள்.
ஊருக்கு வெளியே எங்கோ
ஒரு வயல் பூத்திருந்திருக்கிறது.

இந்தக் கருவிக்குக் கண்வில்லை இரண்டு.
இரண்டும் என்னுடையவை.
சாட்சி கிடையாது.
திருகைக் கால் சுற்றுத் திருப்பி விட்டால்
மறுபடி வெறும் ஓடு, மறுபடி அவள்,
சாம்பல், விதைப்பு.
திருப்பினேன்.
மேலே. நடுவே. மேலே.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
வேறெதையும் எண்ணாமலும் இல்லை.

பிறகு உர்மாஸைக் கூப்பிட்டேன்.
குனிந்தான், நெடுநேரம் நிமிரவில்லை.
"நல்லா இருக்கு விர்வே," என்றான்.
"உயிரோட ஒண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு."
மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ரை, ஒன்று. புதியது. கணக்கில் சேர்க்கவில்லை.
ஜன்னல்.

அந்த வாரத்துக் குப்பிகள் பதினொன்று.
எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று.
அதற்கு முன்
இந்தச் சில்லில் இன்னும்
நூற்று எண்பத்து நான்கு பாக்கி.

முன்னூற்றுப் பதினேழு:
பிர்ச்.