நூற்றுப் பன்னிரண்டு

புது மெஷின் மத்தியானமே மக்கர் பண்ணிவிட்டது.
மூலையில் துணி போர்த்திக் கிடந்த
பழைய ஃபிளேம் போட்டோமீட்டரை
ராத்திரி பதினொன்றரைக்கு எழுப்பினேன்.
காஸைத் திறந்து, காற்றை விட்டு,
ஒரு தீக்குச்சி.
சின்னச் சன்னலுக்குள்
விரல்நகம் அளவு நீலச் சுடர்.

ஒரு பங்கு ரத்தநீர்,
நூறு பங்காக வாலைநீரில் கலக்க வேண்டும்.
குழாய் உறிஞ்சியதும்
சுடர் சட்டென்று மஞ்சளாகும்.
எவ்வளவு மஞ்சளோ
அவ்வளவு சோடியம்.

மாதிரி எண் நாற்பத்தேழு.
பால்துரை, ஐம்பத்தாறு வயது, புத்தளம்.
தொழில் என்ற கட்டத்தில்
யாரோ நீலப் பேனாவில் எழுதியிருந்தார்கள்:
உப்பளம்.

நூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில்
நூற்றுப் பன்னிரண்டு.
அளவுக்கரைசலை வைத்துப் பார்த்தேன்,
மெஷின் பொய் சொல்லவில்லை.
மறுபடி அவரை வைத்தேன்.
நோஞ்சான் மஞ்சள். நூற்றுப் பன்னிரண்டு.
வார்டுக்கு போன் போட்டால்
டாக்டர் பெனிட்டா கேட்கிறார்:
"உப்பளத்துக்காரருக்கா?"

கல்லூரியில் நாங்கள் பார்த்த சோடியம் வேறு ஆள்.
மண்ணெண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும்.
காற்றும் ஆகாது, தண்ணீரும் ஆகாது.
பேனாக்கத்தி வைத்தால் பார் சோப்பு மாதிரி வெட்டுப்படும்;
வெட்டின முகம் வெள்ளியாய் மின்னி
நாம் பார்க்கும்போதே மங்கும்.
ரெஜின் ஒரு துண்டைத் திருடிப்போய்
பழையாற்றுப் பாலத்திலிருந்து வீசினான்.
அது மூழ்கவில்லை.
உருண்டு, சீறி, நீர்மேல் அங்குமிங்கும் ஓடி,
படீர்.
ஆகாயத்தாமரைக்குள் நின்ற கொக்குகள்
மொத்தமாக எழும்பின.
நாங்களும் ஓடினோம்.

ஒரே ஓர் எலக்ட்ரான்.
அதைக் கொடுத்துத் தொலைக்கத்தான் அத்தனை கலவரம்.
கொடுத்துவிட்டால் சாது.
நெஞ்சை அடைக்கும் குளோரினிடம் கொடுத்தால்
கஞ்சிக்கு ஆகும்.
கையைப் பொத்தலாக்கும் காஸ்டிக்கும் அதுதான்,
ஆப்பத்தைப் பொங்கவைக்கும் சோடாவும் அதுதான்.
நரம்புக்குள் நின்று
மூன்றை வெளியே தள்ளி இரண்டை உள்ளே எடுத்து
நம் பெயரை நமக்கு ஞாபகம் வைத்திருப்பதும்.

பால்துரைக்குத் தன் பெயர் தெரியவில்லை.

ரிப்போர்ட்டுக்கு வந்து நின்றாள் தங்கபுஷ்பம்.
"பிரஷருக்கு மாத்திர குடுத்து
உப்பக் கொறைன்னு சொல்லிவிட்டாவ.
இவிய கொறைக்கல, நிறுத்தியே போட்டாவ.
கருவாட்டக் கையால தொடல.
பாத்தியில நின்னா கொடங்கொடமா தண்ணி."

மாத்திரை ஒரு பக்கம் கழித்தது,
வெயில் ஒரு பக்கம்.
மிச்சத்தைத் தண்ணீர் நீர்க்கடித்தது.
முட்டளவு சோடியத்தில் நின்றிருக்கிறார் மனிதர்;
குதிகால் வெடிப்பில் ஏறியது
ரத்தத்தில் ஏறவில்லை.

"உப்புதானேம்மா?
சொல்லியிருந்தா ஒரு சாக்கு கொண்டாந்திருப்பனே."

சிரிக்கலாமா என்று தெரியாமல்
ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

ஒரு சாக்கு ஆகாது தங்கபுஷ்பம்.
ஒரு கைப்பிடியைக்கூட அவசரமாக ஏற்ற முடியாது.
வேகமாக ஏறினால் மூளைக்குள்
நரம்பின் உறை கழன்றுபோகும்.
ஒரு நாளைக்கு எட்டு, அதற்கு மேல் வேண்டாம்
என்று சொட்டை எண்ணி வைத்திருக்கிறார் டாக்டர்.
உங்கள் பாத்தியில் படிகம் விளையுமே,
கிட்டத்தட்ட அந்த வேகம்.

ரெண்டு மணிக்கு நூற்றுப் பதினான்கு.
வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில்
மாற்ற மறந்துபோன ஒரு சோடியம் விளக்கு.
அதன் கீழே உட்கார்ந்திருந்தாள்.
அந்த வெளிச்சத்தில்
சிவப்புச் சேலை பழுப்பாகத் தெரிந்தது.
அந்த விளக்குக்கு ஒரே நிறம்தான் தெரியும்.

ஐந்தரைக்கு நூற்றுப் பதினாறு.
கண்ணைத் திறந்தவர் நர்ஸிடம்,
"கெழக்குப் பாத்திக்கு வெள்ளம் ஏத்தியாச்சா?"
என்று அதட்டினாராம்.

நான் மெஷினைக் கழுவினேன்.
வாலைநீர், வாலைநீர், இன்னும் கொஞ்சம் வாலைநீர்,
சுடர் நீலமாகும் வரை.
நீலமானது.
அணைக்கப் போகையில்
குழாய்நுனியில் விரல் பட்டுவிட்டது.
ராத்திரி முழுக்க வியர்த்த விரல்.

மஞ்சள்.