இரண்டாவது பிரதி

லியெபாயாவில் பிப்ரவரிக் காற்று
கதவைத் தட்டாது, திறந்துகொண்டு வரும்.
இல்க்வார்ஸும் அப்படித்தான் வந்தார்,
கோட்டுப் பையில் ஒரு குறுந்தட்டோடு.

கயிற்றாலைப் பாடகர் குழு, தொண்ணூற்றாறு.
முந்நூறு பிரதிகள். அவர் பின்வரிசை, அடிக்குரல்.
"உயர்தரத்தில் எடுத்துக் கொடு, வெல்கா.
இப்போதெல்லாம் பெரிதாக்கலாமாமே."

பெரிதாக்கலாம்.
ஒரு குவளைப் பாலை வாளியில் ஊற்றி
வாளிப் பால் என்று சொல்லலாம்.
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு முறை
அன்று தேவாலயத்தில் காற்றை அளந்தார்கள்.
அளக்காமல் விட்டது தட்டில் இல்லை.
அளந்ததைச் சிந்தாமல் இறக்குவது மட்டும்
என் வேலை.

"என் இருமலும் வருமா?"
வரும். இரண்டாம் பாட்டில், இடது பக்கம்.
இழப்பில்லாமல் என்றால் அதையும் இழக்காமல்தான்.

மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக.
என் ஓட்டி எப்போதும்
அறுநூற்று அறுபத்தேழு மாதிரிகள் பிந்தித் தொடங்கும்.
தாமதமாக வரும் சொந்தக்காரனுக்கு
ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்வதுபோல்
அதைக் கணக்கில் கழித்துவிடுவேன்.
ஒவ்வொரு துண்டையும் இருமுறை படிக்கும்.
ஒத்துப்போனால் நகரும், இல்லையென்றால் மறுபடி,
சந்தேகம் பிடித்த எழுத்தர் நோட்டு எண்ணுவதுபோல்.
மூன்று பாட்டு மளமளவென்று இறங்கின.
நாலாவதில் முனகத் தொடங்கியது.

இரண்டு நிமிடம், பதினோராம் நொடி.
மயிரிழைக் கீறல்தான்,
ஆனால் வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல்.
குறுக்கே வெட்டுவதை மன்னித்துவிடும் தட்டு.
கூடவே ஓடிவருவதைத்தான் தாங்காது.
எண்பத்திரண்டு முறை படித்தது.
எண்பத்திரண்டு பதில்.

"வீட்டில் நன்றாகத்தானே பாடுகிறது?"
வீட்டுப் பெட்டி தெரியாததை ஊகித்து
நிரப்பிவிடும், இல்க்வார்ஸ்.
இத்தனை வருஷம் அந்த இடத்தில் நீங்கள் கேட்டது
ஒரு பெட்டியின் ஊகம்.

அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

வேறு பிரதி வேண்டும் என்றேன்.
"குல்டீகாவில் ஒன்று இருக்கும்," என்றார் ஜன்னலிடம்.
"மாருதா. நாலாம் பாட்டில் தனிக்குரல் அவள்தான்.
பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை."
எப்படிக் கேட்டாரோ, என்ன எழுதினாரோ.

எட்டாம் நாள் தபாலில் வந்தது. கடிதம் இல்லை.
உள்ளே தட்டு.
அதன்மேல் தொழிற்சாலை ஒட்டிய கண்ணாடித்தாள்,
பிரிக்கவே இல்லை.

நகத்தால் கிழித்தேன்.
அவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு சத்தம்.
அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பாட்டும் ஒரே மூச்சில் இறங்கின.
ஒன்பதுக்கு இரண்டு தட்டின் சரிபார்ப்பு எண்களும்
எட்டெழுத்தும் பிசகாமல் ஒன்று:
அவர் எடுத்தெடுத்துக் கேட்டதும்
அவள் ஒருமுறையும் கேட்காததும்
எண்ணுக்கு ஒன்றுதான்.

நாலாவதைப் போட்டோம்.
இரண்டு பதினொன்று.
பாட்டு இல்லை அங்கே. ஆர்கனும் ஓய்ந்திருக்கிறது.
அடுத்த அடிக்கு முன் ஒரு பெண் மூச்சிழுக்கிறாள்,
ஒரு பக்க மூக்கு லேசாக அடைத்திருக்கிறது.
அவ்வளவுதான்.

"சளி," என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அந்த வாரம் என்னிடமிருந்துதான் தொற்றியது."

இன்னொரு முறை போடவா என்றேன். வேண்டாம் என்றார்.
'பிழைகள் இல்லை' என்று மென்பொருள் எழுதிய அறிக்கையை
அச்சடித்துக் கொடுத்தேன், படிக்கவில்லை.
பழைய ஊகத்தையும் தனிக் கோப்பாக வை என்றார்,
பழகிவிட்டது என்றார்.

கிளம்பும்போது இரண்டு தட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு
கண்ணாடித்தாளை எடுத்து மடித்தார்.
அது மடிப்பில் நிற்கவில்லை.
கோட்டுப் பைக்குள் போன பிறகும்
மெல்ல விரிந்துகொண்டிருந்தது,
எனக்குக் கேட்டது.