மூணாவது வளைவில் லூர்துராஜ்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு
ராயக்கோட்டை ரோடு விதைக்கடை மாடியில்
ஷட்டரைத் தூக்கினால்
முதலில் வருவது வெண்டை விதைக்குத் தடவிய மருந்து நெடி.
அப்புறம்தான் பாதை.
எட்டு ப்ளைவுட் பலகை, நாலு பள்ளம்,
பள்ளத்தின் இரு கரையிலும் செம்பு நாடா.
கிரானைட் அறுக்கும் சம்பங்கி
கல்லுக்குக் காட்டாத பொறுமையோடு
ஒன்பது ஞாயிறு குடைந்தது.

இங்கே ஸ்டீயரிங் கிடையாது.
வண்டியின் வயிற்றடியில் சின்ன நாக்கு ஒன்று;
அது பள்ளத்தில் கிடக்கும்வரை
திரும்புவதெல்லாம் பாதையின் பாடு.
நமக்கு ஒரு விசை, ஒரு விரல்.
எங்கே அழுத்துவதென்று ஒரு வாரத்தில் தெரிந்துபோகும்.
எங்கே விடுவதென்று தெரியத்தான்
மூன்று வருடமாகச் சந்தா கட்டுகிறேன்.

பகலெல்லாம் பதினாறு சக்கர லாரிக்கு
டயர் கழற்றும் ஜபருல்லா
சுண்டைக்காய் அளவு டயரை
லைட்டர் பெட்ரோல் தொட்ட துணியால்
ஊதி ஊதித் துடைக்கிறான்.
சுங்கச்சாவடிக் கூண்டில்
நிற்கிற வண்டிகளை மட்டுமே பார்த்து மாதச் சம்பளம் வாங்கும் திம்மராயனுக்கு
மெதுவாக என்ற சொல்லே ஆகாது.

லூர்துராஜ் ஓட்டமாட்டான்.
மூணாவது வளைவோரம் அவனுக்கு ஒரு ஸ்டூல்.
பாய்ந்து விழுகிற வண்டியை எடுத்து
நாக்கைப் பள்ளத்தில் பொருத்தி
முதுகில் ஒரு தட்டு: “போ.”
தட்டாமல் விட்டாலும் வண்டி போகும்.
யாரும் அவனிடம் சொன்னதில்லை.
வாரநாளில் அவன் ஓட்டுவது நூற்றியெட்டு.
மேலுமலை இறக்கம் என்பான், குருபரப்பள்ளி பிரிவு என்பான்.
இடம் மட்டும் சொல்வான்.

இன்றைக்கு ஹேமாவதிக்கு
ஓசூரில் ஷிப்ட் நீண்டுவிட்டது.
மஞ்சள் பள்ளத்துக்கு ஆளில்லை.
“ஒரே ஒரு ரேஸ், மச்சான்” என்று
அவள் நீல வண்டியை வைத்து
விசையைக் கையில் திணித்தோம்.

பின்னால் யாரோ படுத்திருப்பதுபோல் ஓட்டினான்.

முதல் ஐந்து சுற்று சிரித்தோம்.
என் வண்டி விதைமூட்டைக்கு அடியில் போனது.
ஜபருல்லாவுடையது சுவரில் மோதிக் கவிழ்ந்து
உருதுவில் திட்டு வாங்கியது.
மூணாவது வளைவில் எடுத்துவைக்க ஆளில்லை;
அவனவன் ஓட, தலையும் தலையும் முட்ட,
சம்பங்கி ஒன்றும் கண்டுகொள்ளாமல்
தெலுங்கில் சுற்றெண்ணிக்கொண்டிருந்தான்.
முப்பதாவதில் நிமிர்ந்தான்.
“ஏம்ப்பா, லூர்து ரெண்டாவது.”

“இதெல்லாம் ஒரு ரேஸா!” என்று கத்திய திம்மராயன்
கத்திய வேகத்தில் விரலையும் அழுத்த
பள்ளம் விட்டு ஏறினான்.
ஓடினான், எடுத்தான், வைத்தான், திரும்பி வந்து விசையைப் பிடித்தான்,
நீல வண்டி அப்போதுதான்
அதே வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது,

கரண்ட் போனது.

மோட்டார் முனகல் அடங்கியதும்
பைபாஸ் லாரிகள் கேட்டன.
செல்போன் வெளிச்சத்தில்
சம்பங்கி டேப்பை இழுத்து அளந்தான்.
நாலு விரற்கடை. யார் முன்னால் என்பதில்தான் வம்பு.
உள் பள்ளம் குட்டை, வெளிப் பள்ளம் நீளம்,
எண்ணும் பெட்டியும் இருட்டில் மறந்துபோயிற்று.
விதிப்படி ஆட்டமே செல்லாது என்றான் திம்மராயன்.
விதியை எழுதியதும் அவன்தான்.

படியில் செருப்புச் சத்தம்.
கம்பெனிச் சட்டையோடு,
கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு
ஹேமாவதி மூச்சு வாங்கினாள்.
“என் வண்டி எத்தனை தடவ விழுந்துச்சு?”

“விழல.”

லூர்துராஜ் ஸ்டூலில் இருந்தான்.
எப்போது திரும்பிப்போய் உட்கார்ந்தான், தெரியவில்லை.

அவள் நம்பாமல் வண்டியைக் கையிலெடுத்து
கவிழ்த்து
நாக்கை நகத்தால் தடவிப் பார்த்தாள்.
அதற்குள் அளவும் கலைந்துவிட்டது.
திம்மராயன் பொட்டலத்தைப் பிரித்தான்.