அறிக்கைக் காலத்துக்கு வெளியே

கல்லடியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை.
மூன்று மேசை, கழுத்து ஆடும் ஒரு மின்விசிறி,
பதினெட்டு மாதத்துக்கென்று வந்த நிதி.
'நாடு திரும்பியோருக்கான தொழில்வாய்ப்பு' என
மும்மொழியில் வாசலில் பலகை.
இலக்கு நூற்றிருபது பேர்.
நான் இணைப்பாளர்.
என் நியமனக் கடிதத்திலும் பதினெட்டு மாதம்தான் இருந்தது.

நாற்பத்தாறாவது ஆளாக வந்தான் பூவரசன்.
படிவத்தில் மூன்றாம் கேள்வி:
எந்த ஆண்டு நாட்டை விட்டு வெளியேறினீர்கள்?
பேனையை நெற்றியில் தட்டிக்கொண்டே இருந்தான்.
"நான் வெளியேறவே இல்லையே மேடம்.
பொறந்ததே அங்க, கேம்ப்லதான்.
வந்ததுதான் வந்தேன்."
மேடம் என்று இந்த ஊரில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
மிஸ் என்பார்கள். கோபம் வந்தால், புள்ள.

அந்தக் கட்டத்தை வெறுமையாய் விடக்
கணினி சம்மதிக்கவில்லை.
அவன் தாய் தோணி ஏறிய வருடத்தைப் போட்டேன்.
பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே
அகதியாய்ப் போனவன் ஆனான்.

தெரிந்த தொழில்? பெயின்ட்.
"மூணு மாடிக்குக் கயித்துல தொங்கி அடிப்பேன்."
பட்டியலில் இருந்தவை தையல், கோழி வளர்ப்பு,
பாசிக்குடா விடுதியில் அறைப் பராமரிப்பு, மற்றவை.
மற்றவைக்குப் பாதீடு இல்லை.
ஆகவே இரண்டு கிழமை பாசிக்குடாவில்
துவாய்களை அன்னப்பறவையாக மடித்தான்.
மூன்றாம் கிழமை அடையாள அட்டை கேட்டார்கள்.
அது பிரஜாவுரிமைக் கடிதத்துக்குக் காத்திருந்தது.
கடிதம் கொழும்பில், கோப்பு கச்சேரியில்,
கோப்பை வைத்திருந்தவர் லீவில்.
செங்கலடிக் கொந்துறாத்துக்காரர்
அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு
இந்தியப் பொடியனுக்கு அரைச் சம்பளம் காணும் என்றார்.
நான் தொலைபேசியில் சண்டை பிடித்தேன்.
அதை 'முதலாளிமார் கலந்துரையாடல்: ஒன்று' என்று
காலாண்டு அறிக்கையில் எழுதினேன்.

நிதி தந்தவர்கள் பார்க்க வந்த கிழமை
பலகையின் நிறம் வெளிறிப் போயிருந்தது.
பூவரசனைக் கூப்பிட்டேன்.
கயிறுமில்லை, அளவுகோலுமில்லை,
எழுத்துகளை நேராக நிறுத்தினான்.
கணக்காளர் அஸ்மிர் பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்:
"இதை எந்தத் தலைப்பில போடுற மிஸ்?"
தலைப்பு ஒன்றும் இல்லை.
என் கைப்பையில் இருந்து கொடுத்தேன்.
வந்தவர்கள் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.
சசிரேகாவின் தையல் மெஷினையும் எடுத்தார்கள்.

ஜூலை முப்பத்தொன்று.
கச்சான் காற்று கதவைத் தள்ளித் தள்ளி அடைத்தது.
இறுதி அறிக்கை போனது: நூற்றிருபதில் நூற்றுப் பதின்மூன்று.
மிச்சப் பணம், டொலர் இறங்கியதில் தேய்ந்தது போக,
வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டது.
மிச்சமான ஏழு பேருக்கு
'தொடர் ஆதரவு பரிந்துரைக்கப்படுகிறது' என்றொரு வசனம்.
ஏழில் ஒருவன் பூவரசன்.

வீட்டுக்காரர் நல்லரெத்தினம் வந்து சுவர்களைப் பார்த்தார்.
ஒட்டுப்பசை, ஆணி, வரைபடம், நீல நிறத்தில் உலகத்தின் கைகுலுக்கல்.
"எல்லாத்தையும் வெள்ளையாக்கித் தாங்க புள்ள,
மறுகா வாடகைக்கு விடோணும்.
கூலி நான் தாறன். நல்ல ஆள் ஆரும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் மூன்று, காலை ஏழு மணி.
இரவல் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு
பாலத்தால் நடத்தி வந்தான்.
நாளுக்கு நாலாயிரத்தைந்நூறு, மூன்று நாள்.
இந்த மாவட்டத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் முழுச் சம்பளம்.
மூன்று நாள் பிந்திவிட்டது.
எந்தக் கட்டத்திலும் இனிப் போட ஒண்ணாது.

நான் மேசையில்லாத அறையில், வெறும் நிலத்தில் இருந்து
கைத்தொலைபேசியில் என் சுயவிபரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
ஏணியின் மேலிருந்து கேட்டான்:
"அடுத்து உங்களுக்கு எங்க வேல மேடம்?"
தேடுறன் என்றேன்.
"படிவம் நிரப்பியாச்சா?"
சிரிக்காமல்தான் கேட்டான்.
பிறகு, கொஞ்சம் தள்ளி இருங்க, தெறிக்கும் என்றான்.